பயறுவகை சைலேஜ்: புரதம் கெடாமல் மாட்டின் வயிறு வரை கொண்டு சேர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

செங்குன்றம், பொன்னேரி, ஊத்துக்கோட்டை, திருப்போரூர் என்று சென்னையைச் சுற்றி மாடு வைத்திருப்பவர்களுக்குப் பசுந்தீவனம் வருஷம் முழுக்கச் சீராகக் கிடைப்பதில்லை. ஆடி, ஆவணியில் தட்டைப்பயறும் வேலிமசாலும் தளதளவென்று நிற்கும். ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் வயலில் கால் வைக்க முடியாது. மாசிக்கு மேல் தண்ணீர் இல்லை. அதனால்தான் கிடைக்கும்போது வெட்டி, காற்றுப் புகாமல் புளிக்கவைத்து, ஊறுகாய்ப்புல்லாக, அதாவது சைலேஜாகச் சேமிக்கச் சொல்கிறோம்.

மக்காச்சோளச் சைலேஜ் போடுவது எளிது. அது நமக்கு எரிசக்தி தரும் தீவனம், தானாகவே நன்றாகப் புளிக்கும். பயறுவகை அப்படியில்லை. அதை நாம் போடுவதே புரதத்துக்காக, அந்தப் புரதம்தான் முதலில் கெடுகிறது. கெட்ட பிறகும் ஆய்வக அறிக்கையில் ‘கச்சாப் புரதம் 16 சதவீதம்’ என்றே வரும். அந்த எண்ணை மட்டும் நம்பித் தீவனம் போட்டால் காசும் போகும், பாலும் ஏறாது.

அறிக்கையில் வரும் எண் எதைச் சொல்கிறது

கச்சாப் புரதம் என்பது நேரடியாகப் புரதத்தை அளந்த கணக்கல்ல. தீவனத்தில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த யோகான் கெல்டால் 1883-ல் சொன்ன முறைதான் இன்றைக்கும் அடிப்படை. நைட்ரஜன் முழுப் புரதமாக இருந்தாலும், உடைந்த அமினோ அமிலமாக இருந்தாலும், மூக்கைத் துளைக்கும் அம்மோனியாவாக இருந்தாலும் இந்தக் கணக்கில் எல்லாம் ஒன்றுதான். சூட்டில் கருகி மாட்டுக்குச் செரிக்காமல் போன புரதமும் இதில் சேர்ந்துவிடும்.

மாட்டுக்கு இவை ஒன்றல்ல. முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அம்மோனியாவை எடுத்துத் தங்கள் உடம்பாக மாற்றிக்கொள்ளும். அந்த நுண்ணுயிர்கள் பின்னால் போய்ச் செரிக்கும்போது மாட்டுக்கு நல்ல தரமான புரதம் கிடைக்கிறது. ஆனால் அதற்கு அதே நேரத்தில் மாவுச்சத்தோ சர்க்கரையோ வேண்டும். அது இல்லாவிட்டால் மிச்ச அம்மோனியா ரத்தத்தில் கலந்து, கல்லீரலில் யூரியாவாகி, மூத்திரத்திலும் பாலிலும் வெளியேறிவிடும். நன்றாகப் பராமரிக்கும் பண்ணையில்கூட மாடு தின்னும் நைட்ரஜனில் ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள்தான் பால் புரதமாக வருகிறது. சைலேஜ் மோசமாக இருந்தால் அதுவும் குறையும்.

எனவே மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எவ்வளவு புரதம் முழுசாகத் தப்பியது? எவ்வளவு உடைந்து கரைந்துபோனது? எவ்வளவு சூட்டில் கட்டுண்டு வீணானது? கீழே சொல்லும் எல்லா வேலையும் இந்த மூன்றுக்காகத்தான்.

குளோவர் கற்றுத்தரும் பாடம்

வெளிநாட்டுப் பண்ணைக் குறிப்புகளில் குளோவர் என்ற பயறுவகைத் தீவனச் செடியின் சைலேஜைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். சிவப்புக் குளோவர் குளிர்ப் பிரதேசப் பயிர். அதன் உறவான பெர்சீம் பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசத்தில் குளிர்காலத்தில் நன்றாக வளரும். சென்னை வெயிலுக்கு இரண்டுமே சரிப்படாது. ஆனாலும் சிவப்புக் குளோவரில் உள்ள ஒரு விஷயத்தை நாம் புரிந்துகொள்வது நல்லது.

செடியை வெட்டிய நிமிஷத்திலிருந்து அதன் சொந்த நொதிகளே புரதத்தைத் துண்டாக்க ஆரம்பித்துவிடும். குதிரைமசால் (லூசர்ன்) என்ற பயறுவகைத் தீவனத்தில் இது வேகமாக நடக்கும். சைலேஜ் ஆகி முடிவதற்குள் பாதிக்கு மேற்பட்ட புரதம் உடைந்துபோவது சாதாரணம். சிவப்புக் குளோவரில் அந்த அளவுக்கு உடைவதில்லை. காரணம், அதில் உள்ள பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் என்ற நொதி. கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறதே, அதைச் செய்வதும் இதே வகை நொதிதான். குளோவர் இலை நசுங்கிக் காற்றுப் படும்போது இந்த நொதி வேலை செய்து குயினோன் என்ற பொருள்களை உண்டாக்குகிறது. அவை புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, புரதத்தை அறுக்கும் நொதிகளையும் முடக்கிவிடுகின்றன. வேல்ஸில் அபெரிஸ்ட்வித்திலும், அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனிலும் விஞ்ஞானிகள் இதைப் பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார்கள். வெள்ளைக் குளோவரில் இந்த நொதியின் செயல்பாடு குறைவு. ஆகவே குளோவர் என்று பெயர் இருந்தாலே புரதம் தப்பிக்கும் என்று நினைக்க வேண்டாம்.

நம் பயிர்களுக்கு இந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. குளோவர் தானாகச் செய்வதை நாம் கை வேலையால் செய்ய வேண்டும். அதற்கு மூன்று ஆயுதம் உண்டு: சரியான ஈரம், சீக்கிரம் ஏறும் புளிப்பு, சூடு ஏறாத சேமிப்பு.

முதல் படி: பயிரும் வெட்டும் பருவமும்

சென்னை வட்டாரத்துக்கு என் முதல் தேர்வு தட்டைப்பயறு, அடுத்தது வேலிமசால். தட்டைப்பயறு விதைத்து 50 முதல் 55 நாளில், பாதிச் செடி பூத்திருக்கும்போது வெட்டிவிடலாம். வேலிமசாலை முதல் முறை 90 நாளிலும், அதன்பின் ஏறக்குறைய 40 நாளுக்கு ஒருமுறையும் வெட்டலாம். வேலிமசாலில் டேனின் என்ற துவர்ப்புப் பொருள் கொஞ்சம் இருப்பதும் நல்லதே. அது முதல் இரைப்பையில் புரதத்தைப் பிடித்துவைத்து, அமிலம் மிகுந்த நான்காம் இரைப்பையில் விட்டுவிடும். குதிரைமசால் கோவை, திருப்பூர் பக்கம் போல இங்கே கடலோர ஈரக்காற்றில் நிலைக்காது. சூபாபுல் மரத்தழையில் மைமோசின் என்ற நச்சு இருப்பதால் அதை மொத்தமாகச் சைலேஜ் போட்டு ஊட்ட வேண்டாம்.

விதை வேண்டுமென்றால் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ மாதவரம் கால்நடைப் பல்கலைக்கழகத்திலோ விசாரிக்கலாம்.

பருவத்தைத் தவறவிடாதீர்கள். புரதத்தில் பெரும் பங்கு இலையில்தான் இருக்கிறது. காய் முற்றும்வரை காத்திருந்தால் எடை கூடும், ஆனால் அடி இலை பழுத்து உதிர்ந்து தண்டு நாராகிவிடும். எடைக்கு ஆசைப்பட்டு 10 நாள் தள்ளிப்போடுவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் நஷ்டம்.

இரண்டாம் படி: வாடவைப்பது

மொத்த வேலையில் மிக முக்கியமான கட்டம் இது. பச்சையாக வெட்டிய தட்டைப்பயற்றில் ஏறக்குறைய 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அப்படியே டிரம்மில் அடைத்தால் அடியில் சாறு தேங்கும், கரைந்த புரதம் அதோடு போகும். க்ளாஸ்ட்ரிடியா என்ற கெட்ட நுண்ணுயிர் பெருகி, அமினோ அமிலங்களை அம்மோனியாவாக்கி, அழுகிய வெண்ணெய் நாற்றம் வீசும் பியூட்டிரிக் அமிலத்தை உண்டாக்கும்.

நமக்குத் தேவை 30 முதல் 35 சதவீதம் உலர்சத்து, அதாவது தண்ணீர் போக மிஞ்சும் பொருள். 18 சதவீதம் உலர்சத்துள்ள 100 கிலோ தட்டைப்பயற்றில் காய்ந்த பொருள் 18 கிலோதான். அது 32 சதவீதமாக வேண்டுமென்றால் மொத்த எடை 56 கிலோவுக்கு இறங்க வேண்டும். கிட்டத்தட்ட பாதி எடை தண்ணீராகப் பறக்க வேண்டும்.

காலை 9 மணிவாக்கில், பனி உலர்ந்ததும் வெட்டுங்கள். மெல்லியதாகப் பரப்பி, மத்தியானம் ஒருமுறை புரட்டிவிட்டு, அன்றைக்கு மாலைக்குள்ளேயே நறுக்கி அடைத்துவிடுங்கள். வாடும் நேரத்திலும் நொதிகள் புரதத்தை அறுத்துக்கொண்டேதான் இருக்கும். ராத்திரி முழுக்க வயலில் கிடந்தால் அந்த இழப்பு கூடும், பனியும் இறங்கும். மறுபக்கம், சித்திரை, வைகாசி வெயிலில் சில மணி நேரத்திலேயே அளவுக்கு மீறிக் காய்ந்து இலை நொறுங்கும். அந்த மாதங்களில் நிழல்வலைக்குக் கீழே பரப்புவது நல்லது. வானம் இருட்டியிருக்கும் நாளில் வெட்டவே வேண்டாம்.

ஈரத்தைக் கையாலேயே பார்த்துவிடலாம். நறுக்கிய தீவனத்தை ஒரு கைப்பிடி எடுத்து அரை நிமிஷம் இறுக்கிப் பிடித்துவிட்டு விரலை விரியுங்கள். விரலிடுக்கில் சாறு சொட்டினால் இன்னும் வாட வேண்டும். உருண்டை அப்படியே நின்று உள்ளங்கை நனைந்திருந்தால் இன்னும் கொஞ்சம் போகட்டும். சாறு வராமல், உருண்டை மெல்ல மெல்ல அவிழ்ந்தால் அதுதான் பதம். விரித்த உடனே பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது, அடைக்கும்போது கூடுதலாக மிதிக்க வேண்டும்.

எண்ணாகவே தெரிய வேண்டுமென்றால் 100 கிராம் தீவனத்தைப் பொடியாக நறுக்கி, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, மைக்ரோவேவ் அடுப்பில் குறைந்த சூட்டில் காயவையுங்கள். எடுத்து நிறுத்து, மறுபடி வைத்து, எடை மாறாமல் நிற்கும்வரை செய்யுங்கள். கடைசியில் 32 கிராம் இருந்தால் உலர்சத்து 32 சதவீதம்.

மூன்றாம் படி: புளிப்பு ஏற உதவி

புளிப்பு ஏற ஏறத்தான் புரதத்தை அறுக்கும் நொதிகள் அடங்கும். ஃபின்லாந்து விஞ்ஞானி ஆர்த்தூரி விர்த்தனேன், தீவனத்தில் அமிலத்தைத் தெளித்து பி.எச் அளவை (இது குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4-க்குக் கீழே உடனடியாக இறக்கினால் புரதம் தப்பும் என்று காட்டினார். 1945-ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்ததில் இந்தத் தீவனப் பாதுகாப்பு முறைக்கும் பங்கு உண்டு. நாம் அமிலத்தைக் கையாள்வது ஆபத்து, தேவையும் இல்லை. லாக்டிக் அமில நுண்ணுயிர்களைக் கொண்டு அதே வேலையைச் செய்துகொள்ளலாம்.

பயறுவகையில் இரண்டு சிக்கல். சர்க்கரை குறைவு. அதோடு, ஏறும் அமிலத்தை மட்டுப்படுத்தும் தாது உப்புகளும் புரதமும் அதிகம். எனவே வெளியிலிருந்து சர்க்கரை சேர வேண்டும். எனக்குப் பிடித்த வழி, தனியாகப் பயறு மட்டும் போடாமல், பால் பிடித்து மாவு கட்டும் பருவத்து மக்காச்சோளத்தையோ சோளத்தையோ கலப்பது. ஒரு பங்கு பயறுக்கு இரண்டு பங்கு மக்காச்சோளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 சதவீத உலர்சத்துக்கு வாடிய தட்டைப்பயறு 100 கிலோ, 30 சதவீத உலர்சத்துள்ள மக்காச்சோளப் பயிர் 200 கிலோ, அதோடு மக்காச்சோள மாவு 9 கிலோ சேர்த்தால் கலவையின் உலர்சத்து 30 சதவீதத்தைத் தொடும். பயற்றில் 18 சதவீதமும் மக்காச்சோளப் பயிரில் 8 சதவீதமும் புரதம் இருந்தால் கலவையில் ஏறக்குறைய 11 சதவீதம் வரும். எண் குறைந்துவிட்டதே என்று பதற வேண்டாம். 18 சதவீதத்தில் பாதி உடைந்துபோயிருப்பதைவிட, 11 சதவீதத்தில் பெரும் பகுதி நல்ல புரதமாக இருப்பதே மேல்.

பயறு மட்டும்தான் இருக்கிறது என்றால் எடைக்கு 3 முதல் 4 சதவீதம் மொலாசஸை, அதாவது சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள். நுண்ணுயிர்ப் பொடி வாங்கினால் லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் உள்ளதாகப் பார்த்து, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவையே போடுங்கள். அதைக் குளோரின் கலந்த மெட்ரோ தண்ணீரில் கரைத்தால் நுண்ணுயிர் செத்துவிடும். கிணற்றுத் தண்ணீர் நல்லது.

யூரியா போடாதீர்கள். மக்காச்சோளச் சைலேஜுக்குச் சொல்லும் குறிப்பைப் பார்த்துப் பயறுவகைக்கும் யூரியா தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே அம்மோனியா அதிகம் உண்டாகும் தீவனம் இது. யூரியா சேர்த்தால் புளிப்பு ஏறுவது இன்னும் தாமதமாகும். ஆய்வக எண் மட்டும் அழகாக உயரும், மாட்டுக்கு ஒரு பயனும் இல்லை.

நான்காம் படி: நறுக்கு, மிதி, மூடு

புல் வெட்டும் இயந்திரத்தில் 2 முதல் 3 சென்டிமீட்டர் துண்டாக நறுக்குங்கள். ஐந்தாறு மாடு வைத்திருப்பவருக்குக் குழி வேண்டாம். 200 லிட்டர் நீல டிரம்மோ, உள்ளே தடித்த பாலித்தீன் உறை உள்ள 50 கிலோ பையோ போதும். மணலி, அம்பத்தூர் பக்கம் பழைய டிரம் மலிவாகக் கிடைக்கும். அதில் முன்னால் என்ன இருந்தது என்று கேட்டு, உணவுப்பொருள் இருந்ததை மட்டும் வாங்குங்கள். ரசாயனம் இருந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம்.

அரை அடிக்கு ஒருமுறை நிரப்பி, ஓரம் ஓரமாக மிதியுங்கள். டிரம்மில் 100 கிலோவுக்கு மேல் பிடித்தால் மிதி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஆரம்பித்த டிரம்மை அன்றைக்கே மூடிவிட வேண்டும். பாதி நிரப்பி நாளைக்கு மீதி என்று வைத்தால் உள்ளே காற்றில் செடி மூச்சுவிட்டுச் சூடேறும்.

அந்தச் சூடுதான் சென்னைப் பண்ணைகளுக்குப் பெரிய எதிரி. சைலேஜுக்குள் சூடு 40 டிகிரிக்கு மேல் ஏறி நின்றால் சர்க்கரையும் புரதமும் ஒன்றோடொன்று பிணைந்து பழுப்பாகிவிடும். திறந்தால் புகையிலை போலவோ காய்ச்சிய வெல்லம் போலவோ வாசம் வரும். மாடு ஆசையாகத்தான் தின்னும், ஆனால் அந்தப் புரதம் செரிக்காமல் சாணத்தோடு போய்விடும். அக்னி நட்சத்திரத்தில் வெளிக்காற்றே 40 டிகிரி இருக்கும் ஊரில், டிரம்மைத் தகரக் கூரைக்குக் கீழே, மேற்கு வெயில் படும்படி வைக்கக்கூடாது. தென்னை ஓலைக் கொட்டகை நல்லது. பைகளாக இருந்தால் எலி ஓட்டை போட்டிருக்கிறதா என்று வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள், ஓட்டை தெரிந்தால் அன்றைக்கே டேப் ஒட்டுங்கள்.

ஐந்தாம் படி: திறந்து பார்ப்பது

45 நாள் கழித்துத் திறக்கலாம். நல்ல சைலேஜ் மஞ்சள் கலந்த பச்சையாக, இலை இலையாகப் பிரிந்து, இதமான புளிப்பு வாசத்தோடு இருக்கும். பி.எச் தாளில் பயறு கலவைக்கு 4.2 முதல் 4.5 வரை இருந்தால் நிம்மதி. கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடியும் கையில் பிசுபிசுப்பும் இருந்தால் புரதம் போய்விட்டது. தேய்த்த கையைக் கழுவிய பிறகும் நாற்றம் போகவில்லை என்றால் அது பியூட்டிரிக் அமிலம்.

அதிகமாகச் சைலேஜ் போடுகிறவர்கள் ஆய்வகத்துக்கு அனுப்புவது நல்லது. நாமக்கல்லில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. டிரம்மின் பல ஆழத்திலிருந்து எடுத்துக் கலந்து, காற்றை வெளியேற்றிக் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். நைட்ரஜனை ஈரத் தீவனத்திலேயே அளக்கச் சொல்லிக் கேளுங்கள், உலர்த்தினால் அம்மோனியா ஆவியாகிக் கணக்கு மாறும். கச்சாப் புரதத்தோடு அம்மோனியா நைட்ரஜனையும், நாரோடு கட்டுண்ட புரதத்தையும் கேளுங்கள். அம்மோனியா மொத்த நைட்ரஜனில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல சைலேஜ். பயறு மட்டும் போட்டதில் 15 வரை பொறுத்துக்கொள்ளலாம். கட்டுண்ட புரதம் மொத்தத்தில் 10, 12 சதவீதத்தைத் தாண்டினால் சூடு பட்டிருக்கிறது. 16 சதவீதம் கச்சாப் புரதமுள்ள சைலேஜில் ஐந்தில் ஒரு பங்கு கட்டுண்டுபோயிருந்தால் மாட்டுக்குக் கிடைப்பது 13-க்கும் குறைவு.

ஆறாம் படி: எதோடு சேர்த்து ஊட்டுவது

நல்ல சைலேஜ் போட்டும் பலன் கிடைக்காமல் போவது பெரும்பாலும் இங்கேதான். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பயறு சைலேஜின் புரதத்தில் ஒரு பெரிய பங்கு முதல் இரைப்பையில் சட்டென்று கரையும். அதோடு கடலைப்புண்ணாக்கையும் போட்டால் அதுவும் அங்கேயே வேகமாகக் கரையும். இரண்டும் சேர்ந்து அம்மோனியாவை ஏற்றிவிடும். பயறு சைலேஜ் போடும் நாட்களில் கடலைப்புண்ணாக்கைக் குறைத்து, தேங்காய்ப் புண்ணாக்கையோ பருத்திக்கொட்டைப் புண்ணாக்கையோ கூட்டுங்கள். அவற்றின் புரதத்தில் நல்ல பங்கு முதல் இரைப்பையைத் தாண்டிப் போய்ச் செரிக்கும்.

அப்புறம், எரிசக்தி. சைலேஜோடு சேர்த்தே இடித்த மக்காச்சோளமோ கம்போ கொடுங்கள். சைலேஜ் காலையில், மாவு சாயந்திரம் என்று பிரித்தால் நுண்ணுயிர்களுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. நகருக்குள் மாடு வைத்திருப்பவர்கள் ஓட்டல் சோற்றையும் கஞ்சியையும் ஒரேயடியாக ஊற்றுவது வழக்கம். அது வயிற்றில் அமிலத்தை ஏற்றி மாட்டைப் படுக்கவைத்துவிடும். இடித்த தானியம் அளவாகப் போதும். வைக்கோலை நிறுத்த வேண்டாம். அதில் புரதம் 3, 4 சதவீதம்தான், தனியாக அதை மட்டும் போட்டால் நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கும். சைலேஜோடு சேரும்போது அதே வைக்கோல் நன்றாகச் செரிக்கும்.

10 லிட்டர் கறக்கும் கலப்பினப் பசுவுக்கு முதல் நாள் 3 கிலோவில் ஆரம்பித்து, ஒரு வாரம் பத்து நாளில் 15 கிலோ வரை கொண்டுபோகலாம். கறவைக்குப் பிறகு கொடுங்கள், முன்னால் கொடுத்தால் பாலில் வாசம் ஏறும். பால் யூரியா நைட்ரஜனைச் சோதித்தால் டெசிலிட்டருக்கு 10 முதல் 16 மில்லிகிராம் வரை இருக்கலாம். அதற்கு மேலே போனால் மாவைக் கொஞ்சம் கூட்டுங்கள், அல்லது சைலேஜைக் குறைத்துப் பாருங்கள். சாணம் தண்ணியாகப் போவதும், காலையில் கொட்டகைக்குள் நுழையும்போது அம்மோனியா நெடி அடிப்பதும் அதே சேதியைத்தான் சொல்லும்.

திறந்த பிறகு

இந்த ஊர்ச் சூட்டில் திறந்த சைலேஜ் சீக்கிரம் கெடும். ஒரு டிரம்மை இரண்டு மூன்று நாளில் தீர்க்கும் அளவுக்கு மாடு இல்லாவிட்டால் சிறு பைகளாகவே போடுங்கள். தினமும் மேலாக அரை அடியாவது சீராக எடுத்துவிட்டு, பாலித்தீனை அழுத்தி மூடுங்கள். கை வைத்தால் சூடாக இருக்கும் பகுதியையும் வெள்ளைப் பூஞ்சை பூத்ததையும் தாராளமாக ஒதுக்குங்கள். அதை எருக்குழியில் போடலாம், சினை மாட்டுக்கு மட்டுமல்ல, எந்த மாட்டுக்கும் போடக்கூடாது.

ஆடு வளர்ப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். சரியாகப் புளிக்காத, காற்றுப் பட்ட சைலேஜில் லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி பெருகும். செம்மறியும் வெள்ளாடும் அதற்குச் சீக்கிரம் இலக்காகும். தலையை ஒரு பக்கம் சாய்த்து வட்டமாகவே சுற்றுவது, காது ஒருபுறம் தொங்குவது, வாயோரம் எச்சில் ஒழுகுவது அதன் அறிகுறிகள். ஒரு ஆட்டிடம் இதைப் பார்த்தாலும் அந்த டிரம்மை அப்போதே மூடி ஒதுக்கிவிட்டு, அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.